இரண்டே சுரத்தில் ஒரு மணிக்கூண்டு

ச, ரி. இந்த இரண்டு சுரத்தை மட்டும் அடியில் போட்டுக்கொண்டு ஒருவர் முழுதாக ஓர் இசைப்படைப்பை எழுதினார். வில்லியம் பேர்ட் என்று பெயர். இங்கிலாந்துக்காரர், முதலாம் எலிசபெத் ராணி காலத்தவர். 1540 வாக்கில் பிறந்து 1623 ஜூலை 4 அன்று காலமானவர். படைப்பின் பெயர் ‘தி பெல்ஸ்’. வாசிக்க ஆறேழு நிமிடம் பிடிக்கும். அத்தனை நேரமும் அடியில் அந்த ச-ரி, ச-ரி நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். மேலே நடப்பது மட்டும் மாறிக்கொண்டே போகும்.

வடுகபட்டிக் கடைவீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் நையாண்டி மேளத்தில் தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர். கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஊர் இது. தெருவே பூண்டு வாடைதான். சாயங்கால பூசைக்குப் பக்கத்துக் கோயிலில் கரண்டில் ஓடும் மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு மோட்டார், அதில் இணைத்த ஒரு மணி, ஒரு முரசு, ஒரு ஜால்ரா. சுவிட்சைப் போட்டால் அடிக்கும், அணைத்தால் நிற்கும்.

“ரெண்டு சொரத்த வச்சுக்கிட்டு என்னத்த தம்பி வாசிக்கிறது? இந்தா, இந்த மிஷினும்தான் ஒன்னையே அடிக்குது. இத எவனாவது ஒக்காந்து கேப்பானா?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் மணியைப் பற்றிப் பேச வேண்டும்.

மணி என்பது ஒரு சுரம் தரும் கருவி என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு மணிக்குள் பல சுரங்கள் குடியிருக்கின்றன. வீணைத் தந்தியை மீட்டினால் எழும் உபசுரங்கள் ஓர் ஒழுங்கில் வரும்: மூலச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வு என்று. அதனால் காது அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே சுரமாக வாங்கிக்கொள்கிறது. மணி அப்படி இல்லை. அது வளைந்த, தடிமன் மாறும் ஓர் உலோகக் கூடு. அதன் விளிம்பு ஒரு விதமாகவும், இடுப்பு ஒரு விதமாகவும், தோள் ஒரு விதமாகவும் அதிரும். ஒவ்வொன்றும் தனித்தனி ஒலி. வார்க்கும் வடிவத்தைப் பொறுத்து அவை ஒன்றுக்கொன்று பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

நன்றாகச் சுருதி கூட்டிய ஐரோப்பிய தேவாலய மணி ஒன்றில் இந்த ஒலிகள் இப்படி அமையும்: கீழ் ஸ்தாயி ச, நடு ச, அதற்கு மேலே சாதாரண காந்தாரம், பஞ்சமம், மேல் ஸ்தாயி ச. அந்தக் காந்தாரத்தைக் கவனியுங்கள். அந்தர காந்தாரம் வந்திருந்தால் மணி சிரித்த முகமாக ஒலித்திருக்கும். சாதாரண காந்தாரம் வருவதால்தான் தேவாலய மணி எவ்வளவு பெரிய கொண்டாட்டத்தில் அடித்தாலும் அடியில் ஒரு சோகம் இழைந்திருக்கிறது. இப்படிக் கச்சிதமாகச் சுருதி கூட்டும் வித்தையை 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹாலந்தில் ஹெமோனி சகோதரர்கள் கைவசப்படுத்தினார்கள். மணியின் உட்புறத்தை வட்டம் வட்டமாகச் சீவிச் சீவி ஒவ்வோர் ஒலியையும் அதனதன் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பேர்ட் காலத்து இங்கிலாந்து மணிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வார்ப்பில் எப்படி அமைந்ததோ அப்படித்தான் ஒலித்தன. கொஞ்சம் பிசிறு, கொஞ்சம் முரண்டு எல்லாம் சேர்ந்த ஒலி.

உலோகமும் நமக்குத் தெரிந்ததுதான். செம்பு முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், மீதி வெள்ளீயம். நம் வெண்கலம்தான் அது. வெள்ளீயம் கூடக் கூட உலோகம் கெட்டிப்படும், ஒலி நீளும்; கூடவே எளிதில் விரிசல் விடும். விரிசல் விட்ட மணியை ஒட்டவைத்துப் பழைய ஒலியைக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. பெரும்பாலும் உருக்கி மறுபடி வார்ப்பார்கள்.

கோயிலில் பெரிய கண்டாமணி இருந்தால் ஒருமுறை பக்கத்தில் நின்று கேளுங்கள். நாக்கு விளிம்பில் மோதும் அந்தக் கணத்தில் ‘டண்’ என்று கூர்மையான ஓர் ஒலி. அது மறு நொடியே ஓய்ந்துவிடும். அதற்குப் பின்னால் ‘ஓங்...’ என்று ஒன்று புறப்படும். அது ஒரே சீராக இருக்காது. அலை மாதிரி கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து போகும். மணி எங்கேயும் முழு வட்டமாக, ஒரே தடிமனாக இருப்பதில்லை. அதனால் ஒரே ஒலி நூலிழை வித்தியாசத்தில் இரண்டாகப் பிரிந்து ஒன்றோடொன்று உரசுகிறது. அதுதான் அந்த அலைவு. கடைசியில் எஞ்சுவது அடி ஸ்தாயி ஒலி மட்டும். காதுக்கு நின்றுபோன பிறகும் விளிம்பில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும்.

அண்ணன் இதற்குத் தலையாட்டினார். “தொப்பியும் வலந்தலையும் ஒன்னா பேசுற மாதிரி” என்றார். தவில்காரருக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. ஓர் அடியில் பல ஒலி இருப்பதைக் கையால் அறிந்தவர்.

இப்போது பேர்ட் கையில் இருந்த கருவிக்கு வருவோம். வர்ஜினல் என்ற ஒரு சின்ன விசைக்கருவி. மேசை மேல் வைத்து வாசிக்கலாம், அவ்வளவுதான் அளவு. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மரத்துண்டு எழும்பும். அதில் செருகியிருக்கும் பறவை இறகின் காம்பு தந்தியைச் சுண்டும். நம் வீணையில் மீட்டுகிறோமே, அந்த வேலையை இங்கே இறகு செய்கிறது. பியானோவில் சுத்தியல் அடிக்கும். இதில் அடியே கிடையாது.

இந்தக் கருவிக்கு இரண்டு குணம். ஒன்று, சுண்டியவுடன் ஒலி உச்சத்தில் இருக்கும், பிறகு தேய்ந்துகொண்டே போகும். மணியும் அப்படியே. ஆகவே மணியைப் போலச் செய்ய இதைவிடப் பொருத்தமான கருவி அன்றைக்கு இருந்திருக்க முடியாது. புல்லாங்குழலிலோ வயலினிலோ ஒலியை ஒரே அளவில் நீட்டிப் பிடிக்கலாம். மணியின் தேய்மானம் அங்கே வராது.

இரண்டாவது குணம் ஒரு குறை. கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் வர்ஜினலில் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றேதான். இறகு தந்தியைச் சுண்டும் வேகம் அவ்வளவாக மாறாது. மெதுவாகத் தொடங்கிப் பலமாக ஏற்றுவது என்ற வித்தை இந்தக் கருவிக்குத் தெரியாது. ஆனால் ஊர்த் தேவாலயத்தில் ஒரு மணி தொடங்கி, இரண்டாவது சேர்ந்து, பிறகு கூண்டிலுள்ள எல்லா மணிகளும் சேர்ந்து முழங்கும்போது நிகழ்வது அந்த ஏற்றம்தான். ஏற்றமே தெரியாத கருவியில் அந்த ஏற்றத்தை எப்படிக் காட்டுவது?

பேர்ட் செய்த காரியம் நமக்குப் பழகிய காரியம். காலத்தைக் கூட்டினார். தொடக்கத்தில் நீண்ட நீண்ட சுரங்கள். ஒரு மணி, அதற்குப் பதிலாக அடுத்த மணி. கொஞ்ச நேரத்தில் அதே இரண்டு சுர அடித்தளத்தின் மேல் இன்னொரு குரல் வந்து சேர்கிறது. பிறகு இன்னொன்று. அடுத்த பகுதியில் அதே இடைவெளிக்குள் இரண்டு மடங்கு சுரங்கள். அதற்கடுத்து இன்னும் நெருக்கம். அடித்தளத்தின் வேகம் மாறவே இல்லை. அதன் மேல் விழும் சுரங்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. ஒவ்வொரு தந்தியும் அதே அளவில்தான் ஒலிக்கிறது. ஆனால் ஒன்று தேய்வதற்குள் அடுத்தது விழுந்து, அது தேய்வதற்குள் இன்னொன்று விழுந்து, காற்றில் ஒலி அடர்ந்துகொண்டே போகிறது. காதுக்கு அது முழக்கமாகவே கேட்கிறது.

“மொதக் காலம், ரெண்டாங் காலம், மூணாங் காலம்” என்றார் அண்ணன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரலால் பெஞ்சில் தட்டியபடி. தாளம் அசையாமல் நிற்க, சொல் இரட்டிப்பதை அவர் விரல் அங்கேயே செய்து காட்டியது. நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு லண்டன்காரரின் உத்தியை வடுகபட்டி பெஞ்சில் தட்டிக் காட்ட முடிகிறது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

அடியில் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு மேலே கற்பனையை விரிக்கும் முறை பேர்ட் கண்டுபிடித்ததல்ல. மேற்கத்திய இசையில் அதை கிரவுண்ட் என்பார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கு அதில் நெடுநாள் ஈடுபாடு உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெடிங் மடத்துக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கோடை வந்ததைக் கொண்டாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. நான்கு குரல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு பாட, அடியில் இரண்டு குரல்கள் ஒரு சின்ன வாக்கியத்தையே சுற்றிச் சுற்றிப் பாடும். பேர்ட் காலத்திலும் பலர் கிரவுண்டுகள் எழுதினார்கள். அவரே நிறைய எழுதியிருக்கிறார். மற்ற கிரவுண்டுகளில் அடிவரி எட்டு, பன்னிரண்டு சுரம் என்று நீண்டிருக்கும். இங்கே இரண்டுதான் என்பதால் ஒதுங்கிக்கொள்ள இடமே இல்லை.

நம் காதுக்கு இதைச் சுலபமாக விளங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, ஒரு தடையும் இருக்கிறது. வழி: ஒத்து. நாதஸ்வரக் கச்சேரியில் ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். இப்போது அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது. தம்புராவும் அதே வேலையைத்தான் செய்கிறது. நிலையான ஒன்றின் மேல் நிலையில்லாத ஒன்று நடமாடுவதைக் கேட்டே வளர்ந்த காது நம்முடையது. தடை என்னவென்றால், நம்முடைய ஒத்து அசையாது. பேர்டின் அடித்தளம் அசைகிறது. ஒரே ஒரு படி, ச-விலிருந்து ரி-க்கு. மறுபடி ச. ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு பாடுவது மாதிரி. ச ஒலிக்கும்போது மேலே இனிமையாகப் பொருந்தி நின்ற சுரம், ரி வந்ததும் உறுத்தத் தொடங்கும். அங்கிருந்து நகர்ந்தாக வேண்டும். நகர்ந்து ஓர் இடம் பிடித்து உட்காருவதற்குள் அடியில் ச வந்துவிடும். மறுபடி நகர வேண்டும். இந்தத் தள்ளுமுள்ளில்தான் இசை பிறக்கிறது. கரண்டு மேளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமும் இதுதான் என்று அண்ணனிடம் சொன்னேன். மிஷினில் திரும்பத் திரும்ப வருவது மட்டும் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல மேலே யாரும் இல்லை.

பேர்ட் இளவயதில் லிங்கன் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1563இல் அந்த வேலைக்குப் போனார். 1572இல் அரச குடும்பத்தின் வழிபாட்டு இசைக்குழுவான சேப்பல் ராயலில் இடம் கிடைத்தது. 1575இல் அவருக்கும் மூத்தவரான தாமஸ் டாலிஸுக்கும் இசை அச்சிடும் உரிமையை 21 ஆண்டுகளுக்கு ராணி வழங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் செல்வாக்கான வாழ்க்கை.

உள்ளே வேறு கதை. பேர்ட் கத்தோலிக்கர். ராணியின் இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பூசை சட்டவிரோதம். அரசு வகுத்த தேவாலய வழிபாட்டுக்கு வராதவர்களுக்கான அபராதம் 1581இல் மாதத்துக்கு 20 பவுண்ட் என்று ஆக்கப்பட்டது. சாமானியர் கட்டவே முடியாத தொகை. பேர்ட் குடும்பத்தின் மேலும் வழக்குகள் வந்தன. 1590களில் அவர் லண்டன் பக்கத்தை விட்டு எஸ்ஸெக்ஸில் ஸ்டோண்டன் மாஸி என்ற கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கே இருந்துகொண்டு, பெரிய மனிதர் வீடுகளில் ரகசியமாக நடக்கும் பூசைகளுக்கு இசை எழுதினார். அவருடைய மூன்று பூசை இசைப்படைப்புகள் 1592க்கும் 1595க்கும் இடையில் தலைப்புப் பக்கமே இல்லாமல் அச்சாயின.

மணிகளுக்கும் அந்த நூற்றாண்டில் சோதனைக்காலம்தான். 1536 முதல் 1540 வரை மடங்களை எட்டாம் ஹென்றி கலைத்தபோது, அவற்றின் மணிகள் இறக்கப்பட்டு உலோக விலைக்கு விற்கப்பட்டன. இறந்தவர்களுக்காக இரவில் மணி அடிக்கும் பழைய வழக்கம் தடை செய்யப்பட்டது. மறுபக்கம், எலிசபெத் பட்டத்துக்கு வந்த நவம்பர் 17ஆம் தேதி ஆண்டுதோறும் நாடெங்கும் மணி முழங்கும் நாளாக மாறியது. யாருக்காக மணி அடிப்பது என்பதே அரசியலாக இருந்த காலம் அது. அதில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கர், சாமி பெயரோ ராணி பெயரோ இல்லாமல், மணி என்று மட்டும் பெயர் வைத்து ஒரு படைப்பு எழுதியிருக்கிறார். அதை நான் மரியாதையோடு கேட்கிறேன்.

இங்கிலாந்தின் மணி அடிக்கும் முறைபற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கோயிலில் மணி தொங்கும். கயிற்றை இழுத்தால் நாக்கு ஆடும். இங்கிலாந்தில் மணியையே ஒரு பெரிய சக்கரத்தில் பொருத்தினார்கள். கயிறு அந்தச் சக்கரத்தில் ஓடும். இழுத்தால் முழு மணியும் வாய் மேல்பார்க்க எழும்பி, ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேல்பார்த்து நிற்கும். டன் கணக்கில் எடையுள்ள மணி அப்படிச் சுற்றிவர இரண்டு நொடியாவது ஆகும். ஆகவே ஒரு மணியை நினைத்த நேரத்தில் நினைத்த வேகத்தில் அடிக்க முடியாது. பாட்டு வாசிக்க முடியவே முடியாது. முடிவது ஒன்றுதான்: மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் வரிசையை, பக்கத்து மணியோடு இடம் மாற்றி மாற்றி அமைப்பது.

பேர்ட் இருந்தபோது இந்தக் கலை முளைவிட்டுக்கொண்டிருந்தது. அவர் மறைந்து அரை நூற்றாண்டு வாக்கில் அது கணக்காகவே மாறிவிட்டது. ஃபேபியன் ஸ்டெட்மன் 1677இல் வெளியிட்ட ‘கம்பனலோஜியா’ என்ற நூல் இதற்கான இலக்கணம் போன்றது. ஆறு மணி என்றால் 720 வரிசை. ஏழு என்றால் 5,040. எட்டு என்றால் 40,320. ஒரு வரிசையும் திரும்ப வராமல் அத்தனையையும் அடிக்க வேண்டும் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பவர்கள் இன்றும் அந்த நாட்டில் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் புனேயில் பஞ்ச் ஹௌத் தேவாலயத்தில் இம்முறைக்கென்று தொங்கவிட்ட எட்டு மணிகள் உண்டு. தவில்காரர் ஒருவரிடம் இந்த எண்களைச் சொன்னால் அவருக்கு ஆச்சரியம் வராது. “கணக்கு எங்கேயும் கணக்குதான” என்றார் அண்ணன். தாள அங்கங்களை மாற்றி மாற்றிப் பின்னும் பிரஸ்தாரம் என்ற கணிதம் நம் பழைய இசை நூல்களில் இருக்கிறது. அது ஸ்டெட்மனுக்குச் சில நூற்றாண்டுகள் மூத்தது.

‘தி பெல்ஸ்’ நம் கைக்கு வந்து சேர்ந்த வழியும் ஒரு கதை. பேர்டின் விசைக்கருவிப் படைப்புகள் 42ஐ ஜான் பால்ட்வின் என்பவர் அழகான கையெழுத்தில் எழுதி 1591 செப்டம்பரில் முடித்த ஒரு தொகுப்பு உண்டு. நெவில் சீமாட்டிக்காக எழுதியது. அதில் போர்க்களத்தைப் பாவிக்கும் படைப்பு இருக்கிறது. எக்காளம், பைக்குழல், முரசு எல்லாவற்றையும் வர்ஜினலில் செய்து காட்டியிருப்பார். ‘தி பெல்ஸ்’ அதில் இல்லை. அது இருப்பது ஃபிட்ஸ்வில்லியம் வர்ஜினல் நூல் என்ற இன்னொரு பெரிய கையெழுத்துப் பிரதியில். கிட்டத்தட்ட 300 படைப்புகள் கொண்ட தொகுப்பு. பிரான்சிஸ் டிரஜியன் என்ற கத்தோலிக்கர் லண்டனில் ஃப்ளீட் சிறையில் இருந்துகொண்டே இவ்வளவையும் படியெடுத்தார் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். பிற்கால ஆய்வாளர்களில் சிலர் கையெழுத்தை ஒப்பிட்டு இதை ஏற்க மறுக்கிறார்கள். எழுதியவர் யாராக இருந்தாலும், அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஃபிட்ஸ்வில்லியம் பிரபு 1816இல் காலமானபோது தன் சேகரிப்பை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அதில் இந்த நூலும் போய்ச் சேர்ந்தது. 1890களில் ஃபுல்லர் மெய்ட்லண்டும் பார்க்ளே ஸ்குவயரும் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தார்கள். பேர்ட் இறந்து முந்நூறாவது ஆண்டான 1923ஐ ஒட்டி, கார்டன் ஜேக்கப் இதையும் பேர்டின் வேறு சில படைப்புகளையும் பேண்டு வாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி விரித்து ஒரு தொகுப்பாக எழுதினார். அந்தத் தொகுப்பின் கடைசி உருப்படி இந்த மணிகள்தான்.

பேர்ட் தொடங்கியதோ இல்லையோ, மணியோசையை அடித்தளமாக்கும் எண்ணம் ஐரோப்பிய இசையில் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. பிரான்சில் மரன் மரே 1723இல் வெளியிட்ட ஒரு படைப்பில் பாரிஸ் தேவாலயம் ஒன்றின் மணிகள் மூன்று சுரமாக அடியில் ஓடும்; மேலே வயலின் ஓயாது அலையும். ரஷ்யாவில் முசோர்க்ஸ்கி ‘போரிஸ் கோதுனவ்’ இசைநாடகத்தில் பட்டாபிஷேகக் காட்சிக்கு இரண்டே இரண்டு சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி ஒலிக்க வைத்தார். கிரெம்ளின் மணிகள் அப்படியே எழுந்து நிற்கும். பேர்டின் ச-ரி ஊசலாட்டத்தைக் கேட்டவர்களுக்கு அந்த இடம் உடனே பிடிபடும். நம் காலத்தில் எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட் 1976 முதல் தன் முழு இசைமுறைக்கே மணியைக் குறிக்கும் லத்தீன் பெயரைச் சூட்டிக்கொண்டார். 1977இல் பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக அவர் எழுதியதில் ஒற்றை மணி ஒன்று மட்டும் விட்டுவிட்டு ஒலிக்கும். தந்தி வாத்தியங்கள் அதைச் சுற்றி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

இவற்றில் எனக்கு ஆகப் பிடித்தது இன்னமும் பேர்ட்தான். முசோர்க்ஸ்கியிடம் பெரிய வாத்தியக்குழு இருந்தது. ஆர்வோ பார்ட்டிடம் நிஜ மணியே இருந்தது. பேர்டிடம் இருந்தது பறவை இறகும் மெல்லிய கம்பியும் மட்டும். அதில் கோபுரத்தை எழுப்பினார்.

இதெல்லாம் வடுகபட்டிக்கு எதற்கு என்று கேட்கலாம். தேனி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி வரவே கூடாது. பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் இலக்கணத்தைக் கற்றார். பல குரல்கள் தனித்தனியே நடந்துகொண்டே ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும் அந்த வித்தையைத் தமிழ்ச் சினிமாப் பாட்டுக்குள், கிராமத்து மெட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். 1980இல் ‘நிழல்கள்’ படத்தில் அவர் இசைக்குத்தான் வடுகபட்டியிலிருந்து போன வைரமுத்து தன் முதல் பாட்டை எழுதினார். 1986இல் மேற்கத்திய இசைமேதை பாக்கையும் தியாகராஜரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இளையராஜா ஒரு தனி ஆல்பம் செய்தார். 2025 மார்ச் 8 அன்று அவருடைய சிம்பொனி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவால் அரங்கேறியது. அவர் பாடல்களில் பாடகர் குரலை ஒரு தடவை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அடிவரிக்கும் மேல்வரிக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை காதில் விழும். அது விழுந்துவிட்டால் பேர்டைக் கேட்கத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

அண்ணனுக்கு போனில் போட்டுக் காட்டினேன். முதல் நிமிடத்தில், “இது என்னப்பா, தகரத்தத் தட்ன மாதிரி இருக்கு” என்றார். வர்ஜினல் முதலில் அப்படித்தான் கேட்கும்; சின்ன ஸ்பீக்கரில் இன்னும் மோசம். இடதுகையை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ச, ரி. ச, ரி. இரண்டாவது நிமிடம் தாண்டியதும் அவர் தலை அந்த ஆட்டத்துக்கு ஆடத் தொடங்கியது. சுரங்கள் நெருங்கியபோது விரல் பெஞ்சுக்கு வந்தது. கடைசிப் பகுதிகளில் அவர் தட்டிய இரட்டிப்பும் போனில் வந்த இரட்டிப்பும் சில இடங்களில் சேர்ந்தே விழுந்தன. “எடுக்கிற எடத்துலயே போட்டு, அங்கேயே நின்னு வெளயாடுறான்யா” என்றார் முடிவில். பேர்டைப் பற்றி எழுதிய அறிஞர்கள் இதைப் பல பக்கங்களில் சொல்கிறார்கள்.

பிறகு கோயில் பக்கம் திரும்பி, “அந்தக் கயித்த நான் சின்னப்பயலா இருக்கப்ப போட்டிபோட்டு இழுப்போம்” என்றார். ஊர்க் கோயில்களில் மணியும் சேகண்டியும் கையால் அடித்த காலத்தில், அடிக்கிற ஆளைப் பொறுத்து ஒலி மாறும். பூசாரி தீபத்தை உயர்த்தும்போது மணி வேகம் கொள்ளும். கற்பூரம் அணையும்போது தணியும். அந்த ஏற்றமும் இறக்கமும் தீபத்தைப் பார்த்துக்கொண்டு அடிக்கும் ஒரு கைக்குத்தான் வரும். மோட்டாருக்குத் தீபம் தெரியாது. ஆள் கிடைக்கவில்லை, அதனால் மிஷின் என்கிறார்கள். சாயங்காலம் கோயில் வாசலில் விளையாடும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது அந்த சுவிட்சை அணைத்துவிட்டு, கயிற்றை ஒரு பிள்ளை கையில் கொடுங்கள்.

கேட்க விரும்புகிறவர்கள் இணையத்தில் பேர்ட் பெயரையும் ‘தி பெல்ஸ்’ என்ற பெயரையும் சேர்த்துத் தேடினால் பல பதிவுகள் கிடைக்கும். முதலில் வர்ஜினலிலோ ஹார்ப்சிகார்டிலோ வாசித்ததைக் கேளுங்கள். கார்டன் ஜேக்கப்பின் பேண்டு வடிவம் அதற்குப் பிறகு. வரிசையை மாற்றினால் பேண்டின் முழக்கத்துக்குப் பின் வர்ஜினல் மெலிந்து தெரியும். போன் ஸ்பீக்கர் வேண்டாம், காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். அடி ஸ்தாயி ச-ரி அதில்தான் சரியாகக் கேட்கும்.